ஒரு விதைதான் தெரிகிறது, பொறுத்திருக்கலாமா?

கேள்வி: "டொக்டர், எங்கள் ரைகர் ஊர்நாய். ஒழுங்கை முகப்பில் யாரோ பெட்டியோடு வைத்துவிட்டுப் போன குட்டிகளில் கடுவன் என்று பார்த்துத் தூக்கிவந்தது. இப்போது ஏழு மாதம் இருக்கும் என்று நினைக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகக் குரைக்கிறான். போன கிழமை கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டும்போதுதான் கவனித்தேன், ஒரு விதைதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணர் 'பருவத்துக்கு வந்தால் மற்றது தானாக இறங்கும், பொறு' என்கிறார். ஆனால் துள்ளி விளையாடும் நேரங்களில் உறுப்பின் அடியில் இரண்டு பக்கமும் உருண்டையாக வீங்குகிறது. அதுதான் மற்ற விதையோ? நுனியில் மஞ்சளாகச் சீழ் மாதிரியும் ஒட்டியிருக்கிறது. அண்ணர் வீட்டில் ஒரு பெட்டை நாய் நிற்கிறது, இவன் இப்போதே அந்தப் படலையடியில்தான் கிடக்கிறான். கனடாவில் இருக்கும் மகள் 'ஒன்றரை வயதுக்கு முதல் ஒப்பரேஷன் செய்யக் கூடாது' என்கிறாள். மனைவி 'நலமடித்தால் வீட்டுக் காவல் போய்விடும்' என்கிறா. யார் சொல்வதைக் கேட்பது?"
— கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர்

பதில்:

அண்ணர் சொல்வதை இந்த விஷயத்தில் கேட்க வேண்டாம். ஏழு மாதம் சரி என்றால் அந்த விதை இனி இறங்காது. கடிதத்தில் கேட்ட மற்ற எல்லாம், வீக்கம், மஞ்சள் கசிவு, படலையடிக் காவல், இந்த வயதுக் கடுவனில் நாங்கள் தினமும் பார்ப்பவைதான். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வயதை உறுதிப்படுத்துங்கள். பெட்டியில் கிடந்த குட்டிக்குப் பிறந்த திகதி எங்கே தேடுவது? பல்லைப் பார்த்தால் போதும். குட்டிக்கு 28 பாற்பற்கள். முன்பற்கள் மூன்று மாதத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் விழுந்து முளைக்கும். நான்கு வேட்டைப்பற்களும் ஐந்து, ஆறு மாதமளவில் மாறும். ஏழு மாதம் ஆகும்போது 42 நிரந்தரப் பற்களும் வந்திருக்கும். ரைகரின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். வேட்டைப்பல் ஊசிபோல மெல்லியதாக இருந்தால் அது பாற்பல், அப்படியானால் நீங்கள் நினைப்பதைவிட அவன் சின்னவன், கொஞ்சம் பொறுக்க இடமுண்டு. தடித்து நீண்டு, கடைசிக் கடைவாய்ப் பல்லும் வெளியில் வந்திருந்தால் ஏழு மாதம் என்ற கணக்குச் சரி.

விதைகள் முதலிலேயே விதைப்பையில் உருவாவதில்லை. தாயின் வயிற்றில் குட்டி இருக்கும்போது அவை குட்டியின் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் தோன்றுகின்றன. பிறந்து மூன்று, நான்கு நாளில் கவட்டுப் பக்கமாக வயிற்றுச் சுவரில் இருக்கும் ஒரு சிறு வழியால் வெளியே வருகின்றன. ஐந்து கிழமையளவில் விதைப்பைக்குப் போய்ச் சேர்கின்றன. எட்டுக் கிழமைக் குட்டியில் புளியங்கொட்டை அளவில் இரண்டையும் விரலால் உணரலாம். சில குட்டிகளில் கொஞ்சம் பிந்தும், மேலும் கீழும் போய்வரும், நான்கு மாதத்தில் சரியாகிவிடுவதும் உண்டு. ஆறு மாதமளவில் அந்த வழி இறுகிவிடுகிறது. அதனால்தான் ஆறு மாதத்தை நாங்கள் எல்லையாக வைத்திருக்கிறோம். பருவம் வரும்போது ஏற்கெனவே கீழே இறங்கிய விதை பெருக்கும், மேலே தங்கியதைக் கீழே கொண்டுவராது. அண்ணர் அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிட்டார்.

இன்னொரு முறை தடவிப் பாருங்கள், இந்த முறை குளிப்பாட்டும்போது வேண்டாம். கிணற்றுத் தண்ணீர் பட்டதும், பயந்தாலும், நாய் விதைகளை மேலே இழுத்துக்கொள்ளும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக நிற்கும் நேரத்தில் பின்பக்கமாக இருந்து பாருங்கள். ஒரு கையை வயிற்றின் கீழ் கொடுத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் விதைப்பையின் அடியில் இருந்து தொடங்கி, இரண்டு தொடைக்கும் நடுவில், உறுப்பின் இரண்டு பக்கத்தாலும் மெதுவாக முன்னோக்கி வாருங்கள். தோலுக்குக் கீழே வழுக்கி ஓடும் சிறிய, மெத்தென்ற உருண்டை ஒன்று பட்டால் விதை கவட்டில் நிற்கிறது. ஒன்றும் படவில்லை என்றால் வயிற்றுக்குள் இருக்கலாம், அதை விரலால் கண்டுபிடிக்க முடியாது, ஸ்கான் தேவைப்படும். எந்தப் பக்கம் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் வலப்பக்கத்து விதைதான் தங்கும். கவட்டில் கொழுப்பும் நிணநீர்க் கணுவும் இருப்பதால், கைப்பழக்கம் இல்லாதவர் அவற்றை விதை என்று நினைத்துவிடலாம். ஆகவே உங்கள் விரல் சொல்வதை ஒரு வைத்தியரின் விரலும் உறுதிசெய்யட்டும்.

சரி, மேலே தங்கினால் என்ன? நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். விந்தணு உருவாக அதைவிடச் சில பாகை குறைந்த வெப்பம் வேண்டும், விதைப்பை வெளியில் தொங்குவது அதற்காகத்தான். உள்ளே தங்கிய விதையில் விந்தணு உருவாகாது. ஆனால் ஆண் ஓமோனைச் சுரக்கும் கலங்கள் அந்தச் சூட்டைத் தாங்கும். இரண்டு விதையும் தங்கிய கடுவன் மலடு, என்றாலும் பெட்டைக்குப் பின்னால் திரியும், காலைத் தூக்கும், சண்டை பிடிக்கும். ஒன்று மட்டும் தங்கிய ரைகர் போன்ற கடுவன் மலடுமில்லை. வெளியில் இருக்கும் ஒன்றே குட்டி கொடுக்கப் போதும். "ஒன்றுதானே, இவனால் பெட்டைக்கு ஒன்றும் ஆகாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நாங்கள் பயப்படுவது பிற்காலத்தை. உள்ளே தங்கிய விதையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு, இறங்கிய விதையைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். அது முறுக்கிக்கொண்டு கடும் வயிற்றுவலியைத் தருவதும் உண்டு. சாவகச்சேரிப் பக்கமிருந்து ஒரு வயதான கடுவனைக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் சொன்ன முறைப்பாடு வித்தியாசமானது: "டொக்டர், இது கடுவன்தான், ஆனால் ஊரில் உள்ள கடுவன்கள் எல்லாம் இதற்குப் பின்னால் திரியுது." பார்த்தால் முலைக்காம்புகள் பெட்டைக்குப்போலப் பருத்திருந்தன. இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி மயிர் கொட்டி, தோல் கறுத்துப்போயிருந்தது. விதைப்பையில் ஒன்றுதான், அதுவும் சுருங்கி. மற்றது வயிற்றுக்குள் கட்டியாக வளர்ந்து பெண் ஓமோனைச் சுரந்துகொண்டிருந்தது. அந்த ஓமோன் அதிக நாள் சுரந்தால் எலும்பு மச்சை இரத்தம் உருவாக்குவதை நிறுத்திவிடும். ஈறைத் தூக்கிப் பார்த்தேன், கடதாசி வெள்ளை. சத்திரசிகிச்சையைத் தாங்கும் நிலை அதற்கு இருக்கவில்லை. ஒரு வயதுக்குள் அரை மணி நேரத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.

ஆகவே ரைகருக்கு இரண்டு விதையையும் அகற்ற வேண்டும். "கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு நல்லதை விடலாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இது பரம்பரையாக வருவது. அவன் கொடுக்கும் கடுவன் குட்டிகளுக்கும் வரலாம், பெட்டைக் குட்டிகள் வெளியில் ஒன்றும் தெரியாமலே அடுத்த தலைமுறைக்குக் கடத்தலாம். அவனோடு அந்தப் பெட்டியில் இருந்த மற்றக் கடுவன்களை யார் தூக்கிப்போனார்கள் என்று தெரிந்தால், அவர்களையும் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விதையை இறக்க ஊசி போடலாமா என்றும் கேட்கிறார்கள். இந்த வயதில் அதில் பயனில்லை. இறங்கினாலும் பரம்பரைக் குறையை மறைத்ததாகத்தான் முடியும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. கிராமங்களில் கருத்தடை முகாம் நடக்கும்போது வரிசையில் நாய்களைக் கொண்டு நிற்பார்கள். கடுவனுக்குச் சாதாரணமாகச் செய்வது சின்ன வேலை, விதைப்பைக்கு முன்னால் ஒரு சிறு வெட்டு, இரண்டையும் எடுத்து முடிச்சுப் போட்டுவிடலாம். விதை வயிற்றுக்குள் என்றால் பெட்டைக்குச் செய்வதுபோல வயிற்றைத் திறந்து தேட வேண்டும், நேரம் அதிகம், மயக்க மருந்தும் அதிகம். இதைச் சொல்லாமல் முகாமில் விட்டுவந்து, அவசரத்தில் வெளியில் இருந்ததை மட்டும் எடுத்து அனுப்பினால், அதைவிடக் கெட்ட முடிவு இல்லை. வீட்டில் எல்லோரும் கருத்தடை முடிந்தது என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது ஓமோனையும் சுரக்கும், கட்டியாகவும் மாறும், பிறகு யாரும் அதைத் தேட மாட்டார்கள். கருத்தடை செய்த நாய் இரண்டு வருடத்துக்குப் பிறகும் பெட்டைக்குப் பின்னால் ஓடுகிறது என்று கொண்டுவந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். ரைகரை முகாமுக்குக் கொண்டுபோக வேண்டாம். கிளினிக்கில் நாள் குறித்து, "ஒரு விதை இறங்கவில்லை" என்பதை முதல் வசனமாகச் சொல்லிச் செய்யுங்கள்.

இனி அந்த இரட்டை உருண்டை. அது விதை இல்லை. நாயின் உறுப்பின் அடியில் இரத்தம் நிரம்பிப் புடைக்கும் ஒரு குமிழ்ப் பகுதி உண்டு. துள்ளி விளையாடினாலும், தலையணையைக் கட்டிப்பிடித்தாலும், வீட்டுக்காரர் வெளியில் போய்த் திரும்பி வந்த சந்தோஷத்திலும் அது வீங்கும். பார்ப்பவருக்கு, உறுப்பை மூடியிருக்கும் தோல் உறையின் அடியில் இரண்டு பக்கமும் உருண்டை வைத்ததுபோலத் தெரியும். "டொக்டர், இவனுக்கு நாலு விதை" என்று சொல்லிக் கொண்டுவந்தவர்களும் உண்டு. சில நிமிடத்தில் வற்றிவிட்டால் கவலையில்லை. உறுப்பு வெளியில் வந்து அரை மணி நேரமாகியும் உள்ளே போகாமல், சிவந்து காய்ந்து கிடந்தால் அது அவசரம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைச் சுற்றிக்கொண்டு உடனே ஓட்டோ பிடியுங்கள். உறுப்பின் நடுவில் கெட்டியாகப் படுவது எலும்பு. நாய்க்கு அங்கே உண்மையிலேயே ஒரு எலும்பு உண்டு, கல்லடைப்பு என்று பயப்பட வேண்டாம்.

கடுவனும் பெட்டையும் சேர்ந்த பிறகு பிரிய முடியாமல் மாட்டிக்கொண்டு நிற்பதும் இந்தக் குமிழால்தான். அது பெட்டைக்குள் புடைத்துக்கொண்டு இறுகிவிடும். பத்து, இருபது நிமிடம், சில நேரம் அதைவிடக் கூடவும் நிற்கும். ஒழுங்கைப் பெடியள் கல்லெறிவார்கள், ஆட்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். எதையும் செய்யாமல் விட்டால் தானாகக் கழன்றுவிடும். இழுத்துப் பிரித்தால் இரண்டுக்கும் காயம். அதற்குள் விந்து பெட்டைக்குள் போய்விட்டிருக்கும், ஆகவே பிரித்துக் குட்டியைத் தடுத்ததாகவும் ஆகாது.

மஞ்சள் கசிவு உறைக்குள் சேரும் இயற்கையான அழுக்கு. பருவத்துக்கு வரும் கடுவன்களில் கூடுதலாக இருக்கும், பச்சை கலந்த மஞ்சளாக ஒரு துளி நுனியில் தொங்கும். அவனே நக்கிச் சுத்தமாக்கிக்கொள்வான். இதற்காகப் பார்மசியில் கப்ஸ்யூல் வாங்கிக் கொடுக்காதீர்கள், உறைக்குள் டெற்றோல் ஊற்றாதீர்கள் (ஊற்றியவர்கள் இருக்கிறார்கள், அந்த நாயின் பாடு பெரும்பாடு). குட்டிப் பருவத்தில் உறுப்பும் உறையும் ஒட்டியே இருக்கும், பருவம் வர வர ஆண் ஓமோன்தான் அதைப் பிரிக்கிறது. ஆகவே கழுவுகிறேன் என்று தோலைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளுவதும் வேண்டாம். கசிவில் இரத்தம் இருந்தால், நாறினால், அவன் ஓயாமல் நக்கினால், மூத்திரம் பெய்ய முக்கினால் மட்டும் கொண்டுவாருங்கள்.

பருவம் என்பது ஒரே நாளில் வந்து முடிவதில்லை. ஐந்து கிழமைக் குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அது விளையாட்டு, அதில் ஓமோனுக்குப் பெரிய வேலையில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலில் விதைகள் மும்முரமாக வேலையைத் தொடங்குகின்றன. ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறுகிறது. விதை பெருக்கிறது, கழுத்தும் தலையும் அகலிக்கின்றன, நின்று பெய்தவன் மதிலடியில் காலைத் தூக்கிப் பார்க்கிறான், முதல் கிழமைகளில் நிலை தவறி விழவும் செய்வான். ஒரு இடத்தில் முழுக்கப் பெய்து முடிக்காமல் ஒவ்வொரு கதியாலிலும் ஒவ்வொரு சொட்டு வைத்துப் போவது இந்த வயதில் தொடங்கும். ஆனால் காலைத் தூக்குவதை மட்டும் வைத்துப் பருவத்தை அளக்க முடியாது. பிறக்கும் காலத்திலேயே ஆண் ஓமோன் மூளையில் பதித்துவிட்ட பழக்கம் அது. மிகச் சின்ன வயதில் கருத்தடை செய்த கடுவன்களிலும் பல பிறகு காலைத் தூக்கும்.

ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டு மாதமளவில் எடுக்கும், சரியாகச் சொன்னால் 62 நாள் அளவில். அதற்குப் பிறகு விதையை ஒட்டிய குழாயில் தங்கி முதிர மேலும் பத்துப் பதினைந்து நாள். ஆகவே வெளியில் கடுவனின் சேட்டைகள் தெரியத் தொடங்கும் நேரமும் விந்தில் உயிருள்ள அணு வரும் நேரமும் ஒன்றல்ல. பொதுவாக எட்டு, பத்து மாதத்தில் அணு வந்துவிடும், சில நாய்களில் அதற்கு முந்தியும் வரும். தொடக்கத்தில் எண்ணிக்கை குறைவு, தலை பெருத்ததும் வால் வளைந்ததுமாகக் குறையுள்ளவை அதிகம். ஒரு வயதைத் தாண்டியதும்தான் விந்து முழுத் தரத்துக்கு வரும். குட்டி பிறக்க முழுத் தரம் தேவையில்லை என்பதுதான் இங்கே சிக்கல். முகத்தில் குட்டித்தனம் போகாத எட்டு மாதத்துப் பொடியன் ஒருவன் தகப்பன் ஆகிவிடுவான்.

ஊர்நாய்களில் இந்தக் காலக் கணக்கு சாப்பாட்டோடும் ஏறி இறங்கும். பெரிய சாதி நாய்களுக்குப் பருவம் பிந்தி வரும், சின்ன உடம்புக்காரர்களுக்கு முந்தி. எங்கள் ஊர்நாய் இரண்டுக்கும் நடுவில். ஆனால் வயிறு நிறையப் பூச்சியும், தின்பதற்குப் பழஞ்சோறு மட்டுமுமாக வளர்ந்த குட்டியின் உடம்பு பிந்தித்தான் தேறும், விதையும் பிந்தித்தான் பெருக்கும். சோற்றோடு மீன் தலையும் முட்டையும் கிடைக்கிற, பூச்சி மருந்து ஒழுங்காகக் கொடுத்த வீட்டுக் குட்டி அதே வயதுக் கட்டாக்காலிக் குட்டியைவிட முந்திக்கொள்ளும். ரைகர் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பிந்துவான் என்று எதிர்பார்க்க வேண்டாம். கீழே இறங்கிய ஒரு விதை மூன்று சென்ரிமீற்றர் நீளத்துக்கு வந்து, அழுத்தினால் இறுக்கமாக இருந்தால் அவன் ஏறக்குறையத் தயார்.

அதனால் அந்தப் படலையடிக் காவலை இப்போதே நிறுத்துங்கள். பெட்டை வேட்கைக்கு வந்தால் மூன்று கிழமை வரை அந்த வாசம் நிற்கும். முதல் ஒன்பது, பத்து நாள் இரத்தம் கசியும், கடுவன்களை அண்ட விடாது. பிறகுதான் ஏற்றுக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஊரில் உள்ள கடுவன் எல்லாம் ஒரே வாசலில் கூடும், ரைகரைப் போல இளசுகள்தான் கூடுதலாகக் கடிபடும், பலாலி வீதியைக் குறுக்கறுத்து அடிபடும். மூத்தவை கடிபட்டுப் பழகியவை, எங்கே விலக வேண்டும் என்று தெரியும். கூட்டத்தில் கடிபட்டால் விசர்நாய்ப் பயமும் இருக்கிறது. ஏழு மாதமாகியும் அந்தத் தடுப்பூசி போடவில்லை என்றால், இந்தக் கடிதத்தை மூடி வைத்துவிட்டு அதை முதலில் போட்டுவிட்டு வாருங்கள். வருடம் ஒருமுறை தொடரவும் வேண்டும். ஊசி முகாம் எப்போது என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் சொல்வார்.

கட்டாக்காலிகளோடு சேரும் கடுவன்களுக்கு இன்னொரு நோயும் வரும். சேரும்போது ஒன்றில் இருந்து மற்றதுக்குக் கலமாகவே ஒட்டி வளரும் ஒரு கட்டி. பூக்கோவாப் பூப்போலத் திரண்டு, தொட்டால் இரத்தம் வடியும். உறை நுனியில் இருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வருகிறது என்று கொண்டுவரும் கடுவன்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான். பயமாக இருந்தாலும் மருந்துக்கு நன்றாகக் கேட்கும், கிழமைக்கு ஒன்றாகச் சில ஊசி போட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். வராமல் காப்பது அதைவிட மலிவு.

மகள் சொல்வதில் பொய் இல்லை. பெரிய நாய்களுக்குச் சின்ன வயதிலேயே விதை எடுத்தால் எலும்பு வளர்ந்து முடிவதில் மாற்றம் வருகிறது, மூட்டு நோய் கூடுகிறது. அந்தப் பெரிய சாதிகளுக்கு ஒரு வயதுக்கு மேல் பொறுக்கச் சொல்வது சரிதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆராய்ச்சியாளர்கள் கலப்பின நாய்களை நிறை வாரியாகப் பிரித்துப் பார்த்து 2020இல் வெளியிட்ட முடிவில், வளர்ந்து 20 கிலோவுக்குக் குறைவாக நிற்கும் நாய்களில் அந்த மூட்டுப் பிரச்சினை கூடவில்லை. யாழ்ப்பாணத்து ஊர்நாய்க் கடுவன் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கும். மகளிடம் ரைகரின் நிறையைச் சொல்லுங்கள், தராசில் நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி உங்கள் நிறையைக் கழித்தால் வந்துவிடும். இன்னொன்று, மகள் பார்க்கும் நாய்கள் வீட்டுக்குள் வளர்ந்து, வார் பூட்டித்தான் வெளியில் போகின்றன. படலை திறந்து கிடக்கும் வளவில் நிற்கும் ரைகருக்கு ஒன்றரை வருடம் வரை காத்திருந்தால் அதற்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மனைவியின் பயத்துக்குப் பதில் எளிது. தன் வளவு என்ற எண்ணம் கடுவனுக்கும் பெட்டைக்கும் உண்டு, கருத்தடை செய்ததுக்கும் செய்யாததுக்கும் உண்டு. இரவில் கிடுகு சரசரத்தால் குரைக்க விதை தேவையில்லை. ஊர் சுற்றுவது பெரும்பாலானவற்றில் குறையும், வீட்டில் நிற்கும் நேரம் கூடும், காவலுக்கு அது நல்லது. ஆனால் பயத்தால் கடிக்கும் நாயைக் கருத்தடை சாதுவாக்காது, அந்த நம்பிக்கையில் செய்ய வேண்டாம். சாப்பாட்டில் மட்டும் கை வையுங்கள். விதை எடுத்த நாய்க்கு முந்தின அளவு தேவைப்படாது, கால்வாசி குறைத்தாலும் போதும். குறைக்காவிட்டால் கொழுக்கும், பிறகு நலமடித்ததால் சோம்பேறி ஆகிவிட்டது என்பீர்கள்.

"ஒருமுறையாவது சேர விட்டுச் செய்தால் என்ன" என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் வரும். அதனால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. பழகின பழக்கம் சிலதில் கருத்தடைக்குப் பிறகும் நிற்கும், அவ்வளவுதான்.

அண்ணரோடு கதைக்க முடிந்தால் ஒன்று சொல்லுங்கள். ரைகருக்குச் செய்வது ரைகரின் உடம்புக்காக. ஊரில் குட்டிகள் குறைய வேண்டுமானால் அவருடைய பெட்டைக்குத்தான் முதலில் செய்ய வேண்டும். பத்துக் கடுவனில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிச்சமிருக்கும் ஒன்று போதும், குட்டிக் கணக்குக் குறையாது. ஆறு, ஏழு மாதத்துக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும் பெட்டை ஒன்றுக்குச் செய்தால் அந்த வருடமே வித்தியாசம் தெரியும். கடுவன்களுக்கு மட்டும் கருத்தடை செய்து கட்டாக்காலிகளைக் குறைக்கலாம் என்று செலவழிப்பது எனக்கு உடன்பாடில்லை.

நாள் குறித்ததும், முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு நிறுத்துங்கள், தண்ணீர் காலை வரை இருக்கட்டும். சின்ன உடம்பென்றால் எத்தனை மணித்தியாலம் வெறும் வயிறு என்று அந்த வைத்தியர் சொல்வதையே கேளுங்கள். வயிற்றைத் திறந்தால் செலவு கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தையல் ஆறப் பத்து நாள், அதுவரை கழுத்துக் கூம்பைக் கழற்ற வேண்டாம், கிணற்றடிக் குளிப்பும் வேண்டாம். உள்ளே சேர்ந்திருக்கும் விந்தணு சில கிழமை நிற்கும், ஆகவே முதல் ஒரு மாதம் பெட்டையோடு விடக்கூடாது.

சத்திரசிகிச்சை முடிந்ததும் எடுத்தவற்றைக் காட்டும்படி கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. தட்டில் இரண்டு இருக்க வேண்டும், மேலே தங்கியது மற்றதைவிடச் சிறிதாகவும் மெத்தென்றும் இருக்கும். ஒன்றுதான் கிடைத்தது என்றால் எந்த இடம் வரை தேடினார், அடுத்தது ஸ்கானா அல்லது வேறு வைத்தியரா என்று துண்டில் எழுதி வாங்கி, தடுப்பூசி அட்டையோடு குத்தி வையுங்கள்.